கோட்டையும் அடைக்கலமும்

செங்கல்பட்டைவிட்டுத் தெற்கே போகும் பாசஞ்சர் ரயில் படாளத்துக்கு அடுத்து நிற்கும் ஊர் கருங்குழி. அதைத் தாண்டினால் மதுராந்தகம். இன்று பேரூராட்சியாக இருக்கும் இந்த ஊரை ஆங்கிலேயப் படைக் குறிப்புகள் ‘கரங்கோலி’ என்று எழுதின. அங்கிருந்த கோட்டைக்காகப் பலர் மோதிக்கொண்டார்கள். 1759 டிசம்பரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். பின்பு அது ஹைதர் அலியின் படை வசமானது. 1781 ஜனவரியில் கேப்டன் டேவிஸ் என்பவர் தாக்கி மீட்டார். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் இங்கிருந்துதான் ஆண்டார். இப்போது அந்தக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. கிழக்கே கடற்கரைக்குப் போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டை, இன்னும் தெற்கே 1760இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டை. சுற்றுவட்டாரத்தில் கோட்டைகளுக்குக் குறைவில்லை. முழுசாக நிற்பதுதான் இல்லை.

இதே வட்டாரத்தின் சபைகளில் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லாத வாரம் இராது. நோயாளியின் கட்டிலருகே, கோர்ட்டுக்குப் போகும் நாளின் காலையில், ஜெபக்கூட்டம் நடத்தக்கூடாது என்று தெருவில் யாராவது மறித்துவிட்டுப் போன இரவில், வயதானவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அதன் 2ஆம் வசனத்தில், சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி, கடவுளுக்கு அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று அடைக்கலம், மற்றது கோட்டை. கோட்டை என்றால் என்ன, அதற்கு என்ன கதி நேரும் என்று கருங்குழிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளங்கிக்கொள்ள வேண்டியது முதல் பெயரைத்தான். பயமில்லாமல் இருக்க ஒருவர் கடவுளை அடைக்கலம் என்று அழைக்கிறார் என்றால், அந்தச் சொல் அவருக்கு எதை உறுதி சொல்கிறது?

அடைக்கலத்தின் வேர் ‘அடை’. போய்ச் சேர்வதும் அடைவதுதான், பறவை கூட்டில் ஒடுங்குவதும் அடைவதுதான். அகராதிகள் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் தருகின்றன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: புகலிடம், தஞ்சம். இரண்டாவது இன்று பேச்சில் தேய்ந்துவிட்டது: காப்பாற்றித் தரும்படி ஒருவரிடம் ஒப்படைத்த பொருள். அடைக்கலப் பொருள் என்பது அதுதான். முதல் பொருளில் அடைக்கலம் ஓர் இடம். அதற்குள் ஓடி ஒளியலாம். இரண்டாவதில் அது இரண்டு பேருக்கு நடுவே உண்டாகும் கட்டு. ஒருவர் ஒப்படைக்கிறார், மற்றவர் ஏற்கிறார். ஏற்ற நொடியிலிருந்து கவலை கைமாறுகிறது. ஊருக்குப் போகிறவர் நகைப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், அன்று இரவு தூக்கம் கெடுவது வைத்திருப்பவருக்குத்தான்.

இந்த இரண்டாம் பொருளின் கனம் தெரிய வேண்டுமானால் சிலப்பதிகாரத்துக்குப் போக வேண்டும். மதுரைக் காண்டத்தின் 15ஆம் காதைக்குப் பெயரே அடைக்கலக் காதை. கவுந்தியடிகள் சமணத் துறவி. மாதரி ஆயர் குலத்து முதுமகள். இயக்கி என்னும் தெய்வத்துக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அடிகளை வணங்குகிறாள். அடிகள் கண்ணகியைக் கணவன் கோவலனோடு அவள் கையில் ஒப்படைக்கிறார். எழுத்தில்லை, முத்திரையில்லை, ஈடும் இல்லை. இருவரும் ஒரே சமயத்தாரும் இல்லை. அடைக்கலப் பொருள் சிறிதானாலும் அதைக் காத்தவர்க்கு வரும் பேறு பெரிது என்று சொல்லி அடிகள் அனுப்பிவைக்கிறார். மாதரி தன் வீட்டார் புழங்கும் இடத்தில் அவர்களை வைக்கவில்லை. செம்மண் பூசிய பந்தலும் காவலும் உள்ள சின்ன வீடு ஒன்றைத் தனியாக ஒழித்துக் கொடுக்கிறாள். கோவலன் நோன்பு நெறிக்காரன் என்று அறிந்து, சமைக்கப் புதுப் பாத்திரங்கள் தருகிறாள். அரிசி, வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், பால், நெய் என்று அவர்கள் நெறிக்கு ஏற்றவற்றையே கொண்டுவருகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். தன் வழக்கத்தை வந்தவர்மேல் திணிக்காமல், வந்தவரின் நெறி கெடாமல் பார்த்துக்கொள்வதும் அடைக்கலத்தில் சேர்த்தி என்று இளங்கோ போகிற போக்கில் காட்டிவிடுகிறார்.

அடுத்த காதையின் பெயர் கொலைக்களக் காதை. அடைக்கலமாக வந்த கோவலன் அதில் வெட்டுப்படுகிறான். மாதரியின் வீட்டுக்குள் எதுவும் நடக்கவில்லை. தவறு அவளுடையதும் அல்ல. ஆனால் பின்னால், நீர்ப்படைக் காதையில் மாடலன் என்னும் மறையவன் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது: அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்துவிட்டாள். ஒப்படைத்த கவுந்தியடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். அடைக்கலத்துக்குத் தமிழ் வைத்த விலை இது. அடைக்கலம் கேட்டவர் பிழைப்பாரா என்பதற்கு இந்தச் சொல்லில் உத்தரவாதம் கிடையாது. ஏற்றவர் தன் உயிரையே ஈடாக வைத்துவிட்டார் என்பதற்கு உண்டு. தொண்டை நாட்டின் பழையனூர்க் கதையும் இதையே சொல்கிறது. மனைவி வேடத்தில் வந்த பேயான நீலி கையில் விட்டுவிட்டால் வணிகனுக்கு ஆபத்தில்லை, அப்படி நேர்ந்தால் நாங்கள் தீப்பாய்வோம் என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், அவன் செத்தபின் சொன்னபடி தீயில் இறங்கினார்களாம். திருவாலங்காட்டுப் பக்கம் போனால் இன்றும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள்.

பக்தி இலக்கியம் இந்தச் சொல்லை மனிதரிடமிருந்து கடவுளிடம் கொண்டுபோனது. திருவாசகத்தில் அடைக்கலப் பத்து என்றே ஒரு பதிகம் உண்டு. ஊர்க்காவல் தெய்வங்களில் அடைக்கலங்காத்த அய்யனார் உண்டு. சோழர் காலத்தின் பிற்பகுதிக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று சில ஊர்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. பயந்து ஓடி வந்தவனை அங்கே யாரும் தொடக்கூடாது. பழைய ஏற்பாட்டிலும் இப்படி ஊர்கள் வருகின்றன: கைப்பிசகாகக் கொலை செய்தவன் பழிவாங்குகிறவனிடமிருந்து தப்பி ஓட யோர்தானுக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. அவற்றைத் தமிழில் பெயர்த்தவர்கள் ‘அடைக்கலப் பட்டணங்கள்’ என்றார்கள். இஸ்ரவேலின் வழக்கத்துக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல்லும் இருந்தது, அதன் நடைமுறையும் இருந்தது.

கருங்குழிக்கு அடுத்த மதுராந்தகத்தில் இந்தப் பேச்சு இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. ராமாநுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் என்னும் தீட்சையைச் செய்வித்தது அங்குள்ள ராமர் கோயிலில் என்பது வைணவ மரபு. அவர் வழிவந்தவர்கள் பின்னாளில் சரணாகதியைப் பற்றி இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். குரங்குக் குட்டிபோல நாம்தான் தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் நம்மைத் தூக்கிக்கொள்வானா? முன்னது வடகலை, பின்னது தென்கலை. நம்பிக்கை என்பது பிடிப்பவனின் கைபலத்தில் இருக்கிறதா, தூக்குகிறவனின் பொறுப்பில் இருக்கிறதா என்ற கேள்வியை இந்த மண் கிறிஸ்தவம் வந்து கேட்கவில்லை, முன்பே கேட்டிருந்தது. அந்த ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்த கதையில் வரும் கலெக்டர் லயனல் பிளேஸ், கருங்குழியிலிருந்து ஆண்ட கிறிஸ்தவத் துரை. அடைமழையில் ஏரிக்கரை உடையப்போகிறது என்று பார்க்க வந்தவர் வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டாராம். தாயார் சந்நிதித் திருப்பணியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது.

அடைக்கலம் என்றால் பக்கத்து வேடந்தாங்கலையும் விட்டுவிட முடியாது. வந்து அடையும் பறவைகளைச் சுடக்கூடாது என்று அந்த ஊரார் 1798இல் கலெக்டரிடம் கவுல் என்னும் உறுதிச்சீட்டு வாங்கிவைத்தார்கள். அடைகிற பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். காப்பவனுக்கும் அதில் பலன் உண்டு.

கிறிஸ்தவர்களின் வாயில் இந்தச் சொல் ஏறியதற்குக் காரணம் நெருக்கடிதான். 1701இல் தஞ்சை மராட்டிய அரசில் கிறிஸ்தவர்கள்மேல் கடும் ஒடுக்குமுறை நடந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில், அரியலூர் மழவராயரின் பாளையத்தில் இருந்த ஏலாக்குறிச்சி அவர்கள் ஆற்றைக் கடந்து ஒதுங்க வாய்த்த ஊர். சிறைப்பட்டு மரணத்தின் விளிம்புவரை போய் மீண்டவரான வீரமாமுனிவர் அங்கே எழுப்பிய கோயிலின் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்குத் திருக்காவலூர் என்று அவரே பெயரிட்டு அதன்மேல் கலம்பகமும் பாடினார். திருச்சி, அரியலூர்ப் பக்கம் இன்றும் பையனுக்கு அடைக்கலம், அடைக்கலராஜ் என்றும் பெண்ணுக்கு அடைக்கலமேரி என்றும் பெயர் வைக்கிறார்கள். ஒரு தலைமுறை ஆற்றைக் கடந்த சங்கதி பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இப்படித் தங்கிவிட்டது.

சென்னைப் பக்கத்துச் சீர்திருத்தச் சபையாரிடம் சொல் வந்த வழி வேறு. வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் பைபிளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. வேப்பேரி மிஷன் சூறையாடப்பட்டது. பப்ரிசியஸ் தன் சபையாரோடு டச்சுக்காரரின் பழவேற்காட்டில் ஒதுங்கினார். கருங்குழிக் கோட்டை கைமாறியது அதே போரின் அடுத்த ஆண்டில். கருங்குழியைப் பிடித்த அயர் கூட் 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் பிடித்தார். அங்கே கிடைத்த அச்சுக்கூடம் சென்னைக்கு வந்து பப்ரிசியஸ் கைக்குப் போனது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளியானது. அவர் சொல்லாட்சியைப் பின்வந்த மொழிபெயர்ப்புகள் பெரிதும் தாங்கி நிற்கின்றன. இத்தனை செய்த மனிதர் கடைசிக் காலத்தில் தன்னிடம் ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து ஏமாந்து, கடனாளியாகிச் சிறையும் கண்டார். அடைக்கலப் பொருளைக் காப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டாம்.

பப்ரிசியஸின் நாட்டில் அவருக்கு முன்பே லூத்தர் 46ஆம் சங்கீதத்தை வைத்துப் பாட்டுக் கட்டியபோது கோட்டையைத்தான் முதலில் நிறுத்தினார். தமிழ் பைபிளில் அந்தச் சங்கீதம் அடைக்கலத்தில் தொடங்குகிறது. 1995இல் வந்த திருவிவிலியமும் 46ஆம் பாடலில் அடைக்கலத்தை விடவில்லை. 91இல் அடைக்கலமும் கோட்டையும் புகலிடம், அரண் என்று மாறுகின்றன.

ஆனால் இந்தச் சொல் தமிழ் பைபிளில் செய்திருக்கும் பெரிய வேலை சங்கீதத்தில் இல்லை. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு சீஷர்களை அனுப்பும் இடம் அது. ஆலோசனைச் சங்கத்தில் ஒப்புக்கொடுப்பார்கள், அடிப்பார்கள், வீட்டாரே பகைப்பார்கள் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, உடலைக் கொல்கிறவர்களுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார். உடனே ஒரு குருவிக்கதை. காசுக்கு இரண்டு விற்கும் மலிவான குருவி. பழைய மொழிபெயர்ப்பு அதற்கு வைத்த பெயர் அடைக்கலான் குருவி. வீட்டு எறவாணத்திலும் விளக்கு மாடத்திலும் கூடு கட்டி மனிதரோடு ஒண்டி வாழ்கிற சிட்டுக்குருவிக்குத் தமிழர் எப்போதோ இட்ட பெயர் அது. வீட்டில் கூடு கட்டினால் கலைக்கக்கூடாது, நம்மை நம்பி வந்தது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். கிரேக்க மூலத்தில் அது வெறும் சிறு குருவி. தமிழில் வந்தபோது, பயப்படாதே என்ற வாக்கியத்தின் நடுவில் அடைக்கலம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. திருவிவிலியம் சிட்டுக்குருவி என்று எழுதியதில் பொருள் கெடவில்லை; இந்த ஒலிதான் போய்விட்டது.

அந்த இடத்தைக் கவனமாகப் படித்தால் குருவி விழாது என்று அங்கே சொல்லப்படவில்லை. விழுகிறது. பிதாவின் சித்தமில்லாமல் விழுவதில்லை என்பது மட்டுமே சேதி. மாதரியின் அடைக்கலத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் சிலப்பதிகாரத்தைத் தாய்மொழியில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. அடைக்கலம் ஏற்றவர் உயிரைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்வார் என்பது தமிழுக்குத் தெரிந்த நியாயம். சிலுவையைப் பற்றி அந்தக் காது கேட்கும்போது அதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஒப்படைத்தல் என்ற பொருளுக்கும் வேதத்தில் இடம் உண்டு. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம், பயத்தின் ஆவி நமக்குத் தரப்படவில்லை என்று சொல்லிவிட்டு, நான் நம்பியவர் இன்னார் என்று அறிவேன், ஒப்புக்கொடுத்ததைக் காத்துக்கொள்ள அவர் வல்லவர் என்று போகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் நம்பி ஒப்படைத்த வைப்புப் பொருளையே குறிக்கும். நம் அடைக்கலப் பொருள்தான். தமிழ்ச் சபைகளில் ஜெபம் முடியும்போது வீட்டை, பிள்ளையை, வழக்கை, எதிர்ப்பவரையும்கூட ‘உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்’ என்பார்கள். அது ஏதோ வாய்ப்பாடாகக் காதில் விழலாம். கை மாற்றிக்கொடுக்கும் செயலை அது வாயால் செய்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1890களில் இந்தச் சொல்லுக்கு மண்ணில் ஒரு பரீட்சை வந்தது. சேரியில் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்த காலம். பண்ணையாள் கோயிலுக்குப் போகாமல் மிஷன் ஜெபத்துக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், குடிசையைக் காலி செய் என்று சொல்வதே போதும். அடிக்க வேண்டியதில்லை. 1891இல் கலெக்டர் டிரெமன்ஹியர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை இந்த நிலப்பிடியை அரசின் முன் வைத்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வழியாக அவர்களுக்குத் தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இதற்காக விடாமல் எழுதினார்கள். மிஷன் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்களில் ஒன்றான மெல்ரோசாபுரம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இன்றும் இருக்கிறது. அடைக்கலம் என்ற சொல்லுக்கு அன்று அந்த மக்கள் கண்ட பொருள், யாரும் எழுப்பிவிட முடியாத நாலு சென்ட் மனை. ஜெபத்தில் கேட்டதும் அதைத்தான், மனுவில் கேட்டதும் அதைத்தான். பயமில்லாத விசுவாசத்தையும் பட்டாவையும் அவர்கள் எதிரெதிராக நிறுத்தவில்லை. அந்தப் பட்டா தங்கிவிடவும் இல்லை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

சொல்லின் இன்னொரு பரீட்சை மரணம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். கடவுளின் துணை என்று பெயர் வைத்துக்கொண்டவரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துக் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய் வதைத்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நடுவிலிருந்த 270 ஆண்டுகளும் அந்தப் பெயர் பொய்த்துவிட்டது என்று குமரிப் பக்கத்தில் யாரும் நினைக்கவில்லை; தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டே இருந்தார்கள். யாழ்ப்பாணத்து நவாலியில் 1995 ஜூலை 9 அன்று நடந்ததை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குண்டுவீச்சுக்குத் தப்பிப் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேலேயே விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடைக்கலம் என்பது கட்டடம் என்று நம்பினால் அந்த நாளோடு சொல் செத்துவிட வேண்டும். அங்கே சாகாமல் மீந்தவர்கள் அடுத்த ஞாயிறும் ஜெபித்தார்கள் என்றால், சொல்லுக்குள் சுவர் தவிர வேறு ஏதோ இருந்திருக்கிறது.

கிறிஸ்தவர் எப்போதும் அடைக்கலம் தேடும் பக்கத்திலேயே நின்றதாகவும் வரலாறு இல்லை. இலங்கையில் கத்தோலிக்கரைத் துரத்தி மடுக் காட்டுக்குள் ஓடவைத்தவர்கள் டச்சுக்காரர்கள்; சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய அதே கம்பெனி, அதே பைபிள். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் பின்னால் எழுந்த ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுச்சுவர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

ஆகவே அடைக்கலம் என்ற சொல்லைக் கோட்டைக்கு மாற்றுச் சொல்லாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். கோட்டை விழும், உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவருக்குப் பகையாளியும் ஆக்கும். அடைக்கலத்தில் மதில் இல்லை, ஏற்றவரின் வாக்கு மட்டும் உண்டு. கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன் என்கிறவர் பயத்தை விடுவதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது: தன் உயிரைக் காக்கும் வேலை இனி தன்னுடையது இல்லை. அந்த வேலை போனால் கை சும்மா ஆகிறது. மனு எழுதலாம், வழக்காடலாம், மறித்தவனின் பெயரையும் ஜெபத்தில் சொல்லலாம். தன் வாசலில் அஞ்சி நிற்கும் வேற்று சமயத்தாருக்குப் புதுப் பாத்திரத்தில் அவர் நெறிப்படி சோறாக்கப் பண்டமும் கொடுக்கலாம். மாதரி செய்தது அதைத்தான். கடவுளை அடைக்கலம் என்று கூப்பிடும் சபைக்கு அவள் வைத்த அளவுகோல் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.